எமனுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பேர்

கோயமுத்தூரில் அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் ஒரு கண்ணாடிக் கதவு இருக்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள். இந்தப் பக்கம் இரும்பு நாற்காலிகளில் நாங்கள். யாரும் யாரோடும் பேசுவதில்லை. எல்லோருடைய கண்ணும் அந்தக் கதவின் கைப்பிடி மேலேயே இருக்கும். 

அன்று கைப்பிடி அசைந்தது. ஒரு நர்ஸ் பெண் தலையை நீட்டி, கையில் இருந்த சீட்டைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள்.

"குப்பாத்தாள் யாருங்க?"

நாற்காலியில் இருந்த அத்தனை முகமும் நிமிர்ந்தது. எதிரே இருந்த ஓர் இளவயதுத் தகப்பன், அவ்வளவு கவலையிலும், உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான். நான் எழுந்திருக்கவில்லை. இந்த வயதிலும் என் பேரை யாராவது சத்தமாகச் சொன்னால் எனக்குக் கால் வராது. என் தம்பி செந்தில்தான் முழங்கையைத் தொட்டு எழுப்பினான்.

முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் தம்பியின் மகள் படுத்திருந்தாள். காலில் ஒரு பட்டை. 'பேபி ஆஃப் நித்யா' என்று அதில் எழுதியிருந்தது. நித்யா என் தம்பியின் மனைவி. குழந்தைக்கு என்று பேர் எதுவும் இல்லை. அவளுடைய காதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது இன்னும் காதாகவே ஆகவில்லை. மடிப்பு விழாமல், ஈர வெற்றிலை போலத் தலையோடு ஒட்டிக் கிடந்தது.

எங்கள் பக்கம் குழந்தையின் காதில் பேர் சொல்வது அத்தையின் வேலை. இவளுக்கு அத்தை நான் ஒருத்திதான்.

போன வாரம் இந்தப் பகுதியில் எங்கள் கொப்பரைக் களத்தில் மழை புகுந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஓர் அம்மா, 'இந்தக் காலத்தில் இப்படி ஒரு பேரா, புனைபேரா?' என்று கேட்டிருந்தார்கள். புனைபேர் இல்லைங்க. சொந்தப் பேர்தான். அது எப்படி வந்தது, அதை வைத்துக்கொண்டு போன வருஷம் நான் என்ன பாடுபட்டேன் என்பதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

ஒரு படி தவிடு

எனக்கு முன்னால் எங்கள் அம்மாவுக்குப் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. நான் பிறந்ததும் எங்கள் அத்தை என்னை முறத்தில் வைத்துக் கொண்டுபோய், தோட்டத்து எருக்குப்பை மேல் கிடத்தினாராம். சொல்லி வைத்தபடி அந்த வழியாக வந்த ஒரு பெண், யாரோ வேண்டாமென்று போட்டுவிட்டுப் போன பிள்ளை என்று என்னை எடுத்திருக்கிறார். பிறகு எங்கள் அம்மாவுக்கே ஒரு படி தவிட்டுக்கு விற்றுவிட்டார். குப்பையிலிருந்து வந்ததால் குப்பாத்தாள்.

எமன் வந்து பார்ப்பானாம். இது குப்பை, யாருக்கும் வேண்டாதது என்று நினைத்து விட்டுவிட்டுப் போய்விடுவானாம்.

போய்விட்டான் என்றுதான் சொல்ல வேண்டும். நான் இருக்கிறேன். எனக்குப் பின்னால் தம்பி பிறந்தபோது வீட்டில் பயம் தெளிந்துவிட்டது. அவனுக்கு நல்லதாகச் செந்தில் என்று வைத்தார்கள்.

எமன் ஏமாந்தானே தவிர, பள்ளிக்கூடம் ஏமாறவில்லை. வகுப்பில் குப்பைக்கூடை நிறைந்தால், "சார், குப்பாத்தா நெறஞ்சு போச்சுங்க" என்பார்கள். வாத்தியார் ஆஜர் எடுக்கும்போது 'உள்ளேன் ஐயா' என்று நான் சொல்வது எனக்கே கேட்காது. வந்திருந்த நாளிலும் வரவில்லை என்று போட்டுக்கொள்வார். பத்தாவதோடு படிப்பு நின்றபோது, இனி யாரும் பேர் கூப்பிட மாட்டார்கள் என்று எனக்கு நிம்மதியாகவே இருந்தது.

சுப்பாத்தாள்

என்னைப் பெண் பார்க்க வந்தபோது, மாமியாராக வரப்போகிறவர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, உம் பேரென்ன கண்ணு என்று கேட்டார். நான் கால் கட்டைவிரலுக்குப் பதில் சொன்னேன்.

"சுப்பாத்தாளா? முருகன் பேரு. நல்லாத்தான் இருக்குது" என்றார்.

மாப்பிள்ளை வீட்டுக் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தது. அதில் 'சௌபாக்கியவதி சுப்பாத்தாள்' என்று இருந்தது. எங்கள் அப்பா பார்த்துவிட்டு, ஓர் எழுத்துதானே, இதற்குப் போய் என்ன சொல்வது என்று விட்டுவிட்டார். நானும் சொல்லவில்லை. குடும்ப அட்டையில் பேர் சேர்க்கப் போன அன்றைக்குத்தான் எங்கள் வீட்டுக்காரருக்கே விஷயம் தெரிந்தது. "அப்ப எனக்கு ரெண்டு பொண்டாட்டின்னு சொல்லு" என்று சிரித்தார். இன்றைக்கும் என்னைச் 'சுப்பு' என்றுதான் கூப்பிடுகிறார். மாமியார் கடைசி வரை சுப்பாத்தாள் என்றே கூப்பிட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், வாயில் சொல்வது ஒன்று, எதிராளி காதில் விழுவது ஒன்று என்பதை நான் அனுபவித்தவள். பின்னால் இதுதான் என்னைப் போட்டு ஆட்டி வைத்தது.

நித்யா கேட்டது

நித்யா தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுக்கும் செந்திலுக்கும் கல்யாணம் தாமதமாகத்தான் ஆனது. இதற்கு முன் ஒரு குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. இன்னொன்று இதே மாதிரிக் கண்ணாடிப் பெட்டியில் கொஞ்ச நாள் இருந்து போய்விட்டது. இது மூன்றாவது.

அன்று குழந்தையைப் பார்த்துவிட்டு நித்யாவின் கட்டிலுக்குப் போனேன். ஆபரேஷன் பண்ணின உடம்பு. தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக் குடிக்காமல் டம்ளரைப் பிடித்தபடியே இருந்தாள்.

"ஏனுங் நங்கையா, பாப்பாவுக்கு உங்க பேரு வேணுமுங்க."

புருஷனுடைய அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்பார்கள். காய்ச்சலில் பேசுகிறாள் என்று நினைத்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை.

"என்ற பேரா? அது குப்பைன்னு வெச்ச பேரு கண்ணு."

"அதுக்குத்தானுங்க கேக்கறேன்."

நீ படித்த பிள்ளை, இதையெல்லாம் நம்புகிறாயா என்று கேட்க வாயெடுத்தேன். அவளே முந்திக்கொண்டாள்.

"நம்பறனா இல்லையான்னு மட்டும் கேக்காதீங்க நங்கையா. ரெண்டு தடவையும் நல்ல நல்ல பேரா எடுத்து வெச்சிருந்தேன். அழகழகான பேரு. கூப்படறதுக்குத்தான் ஆள் வரலீங்க."

நான் தலையை ஆட்டினேனா இல்லையா என்று இப்போது நினைவில்லை. ஊருக்குத் திரும்ப உக்கடம் வந்து பொள்ளாச்சி பஸ் ஏறினேன். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தும் வெளியே ஒன்றும் தெரியவில்லை. சரி என்று சொல்லி என் பேரை வைத்தால், அந்தப் பிள்ளை என்னைப் போல ஒரு பள்ளிக்கூடம் முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு நடக்கும். மாட்டேன் என்று சொல்லி, அப்புறம் ஏதாவது ஒன்று... அந்த வாக்கியத்தை மனதுக்குள்கூட முடிக்க முடியவில்லை. கிணத்துக்கடவு தாண்டியது தெரியாமல் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே வந்தேன்.

இரண்டு பேரை ஏமாற்ற வேண்டும்

செந்தில் பம்புசெட் கம்பெனியில் சூப்பர்வைசர். அதிர்ந்து பேசாதவன். கோயமுத்தூர் கணபதியில் இருக்கிற அவன் வீட்டில் வைத்து விஷயத்தைச் சொன்னதும் குரல் ஏறிவிட்டது.

"ஏக்கா, நீ பட்டது பத்தாதா? உன்னையக் கிண்டல் பண்ணுனான்னு எத்தன பேரு சட்டையக் கிழிச்சுப்போட்டு அடி வாங்கியிருப்பேன். என்ற புள்ளைக்கு யாரு வருவா சட்டையக் கிழிக்க?"

நான் பஸ்ஸில் நினைத்ததையே அவன் வாயால் கேட்டேன்.

நித்யாவை டிஸ்சார்ஜ் செய்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குழந்தை மட்டும் ஆஸ்பத்திரியில். பால் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். மீதி நேரமெல்லாம் செல்போனில் பேர் தேடினாள். அதே பேராக வேண்டாம், அதிலிருந்து புதிதாக ஒன்று எடுக்கலாம் என்று இறங்கி வந்திருந்தாள்.

"குப்பிகா. எப்படிங்க இருக்குது?"

"இருமல் மருந்தாட்ட இருக்குது" என்றான் செந்தில்.

"குபிதா?"

அதற்குக் கோபக்காரி என்று அர்த்தம் போட்டிருந்தது. குப்ஸ்ரீ என்றாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த மாதம் முழுக்க அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

தேங்காய் லோடு விஷயமாகக் கோயமுத்தூர் வந்த எங்கள் வீட்டுக்காரரும் அன்று கூட இருந்தார். டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "அழகா வெச்சா எமன் கண்டுபுடிச்சிருவான். அசிங்கமா வெச்சா பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க கண்டுபுடிச்சிரும். ரெண்டு பக்கமும் ஏமாத்தறாப்பல ஒரு பேரு வேணும். அதெங்க இருக்குது?"

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் விஷயமே அதுதான்.

இதற்கிடையில் ஜோசியர் வேறு, குழந்தைக்கு மகம் நட்சத்திரம், ம, மி, மு, மே என்று ஆரம்பிக்கிற பேராகத்தான் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். செந்திலுக்கு வாயெல்லாம் பல். 'கு' தானாகவே ஒழிந்தது என்றான். நித்யா செல்போனைக் கவிழ்த்து வைத்தாள். அதற்கப்புறம் அவள் பேர் பற்றிப் பேசவே இல்லை. அவள் அப்படிப் பேசாமல் இருந்தது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பூனை உருண்ட செடி

ஒரு நாள் விடிந்ததும் செந்தில் போன் பண்ணினான். குழந்தைக்கு மூச்சு விட்டு விட்டு வருகிறது, டாக்டர்கள் கூடவே இருக்கிறார்கள், நீ இப்போது வந்தாலும் உள்ளே விட மாட்டார்கள், சொல்லும்போது வா என்றான்.

எனக்கு அடுப்படியில் நிற்க முடியவில்லை. களத்துக்குப் போனேன். ஆட்கள் இன்னும் வரவில்லை. காயப் போட்ட கொப்பரையின் எண்ணெய் வாடை மட்டும் இருந்தது. களத்து ஓரம், எருக்குப்பைக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். போனை மடியில் வைத்துக்கொண்டேன். அடிக்கவும் வேண்டாம், அடிக்காமல் இருக்கவும் வேண்டாம் என்று இருந்தது.

எலிக்காக எங்கள் களத்தில் ஒரு பூனை வளர்க்கிறோம். அது குப்பை மேல் ஏறி, அங்கே முளைத்திருந்த ஒரு செடியைக் காலால் பறித்தது. வேரைக் கடித்தது. பிறகு அதன் மேலேயே படுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டது. கண்ணைச் செருகிக்கொண்டு, விட்டுப் போக மனசில்லாமல் உருண்டது.

பூனைக்கு மயக்கம் தருகிற செடி அது. பூனைவணங்கி என்றும் சொல்வார்கள். பிள்ளைகளுக்குச் சொறி, சிரங்கு வந்தால் மஞ்சளோடு அரைத்துப் பூசுவோம். பேர் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

குப்பைமேனி.

வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். குப்பையில் ஆரம்பித்து மேனியில் முடிகிறது. மே. ஜோசியர் சொன்ன மே.

நானாகப் போன் பண்ணிப் பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. அன்று பண்ணினேன். நித்யா எடுத்ததும், நல்லது கெட்டது எதுவும் கேட்காமல், "கண்ணு, குப்பைமேனி" என்றேன்.

குப்பைமேனி என்று அவளும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு, "மேனி... மேனிகா" என்றாள். தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல இருந்தது. "மேனிகான்னா அவரு ஒத்துக்குவாருங்க. சர்டிபிகேட்டுல மேனிகா. காதுல நீங்க முழுசாச் சொல்லிருங்க நங்கையா. குப்பையோட."

"செந்திலுக்கு?"

"அவருக்கு மேனிகா மட்டும் தெரிஞ்சாப் போதுமுங்க." அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நல்லாக் கேக்கறாப்பல சொல்லிருங்க நங்கையா. உங்க கொரலு..."

 கல்யாணப் பத்திரிகையில் என் பேர் மாறின கதை அவளுக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் குழந்தைக்கு மூச்சு சீரானது. டாக்டர்கள் பார்த்த வைத்தியம் அது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மூன்று தடவை

குழந்தை வீட்டுக்கு வந்து, எடை ஏறி, டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் பேர் வைக்க நாள் பார்த்தார்கள். அதுவரைக்கும் நான் தென்னைகளுக்கு நடுவில் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். யாரையோ திட்டுகிறேன் என்று நினைத்து எங்கள் வீட்டுக்காரர் வந்து, "யாரை வஞ்சுட்டு இருக்கறே சுப்பு?" என்று கேட்டார்.

எனக்கு ஒரே பயம்தான். மாமியார் காதில் 'கு' போய்ச் 'சு' ஆன மாதிரி, கேட்க வேண்டிய எமன் காதிலும் தப்பாக விழுந்தால்? மேனி மட்டும் கேட்டு, அட, அழகான பேராக இருக்கிறதே என்று அவன் நின்றுவிட்டால்?

விசேஷத்துக்கு ஆள் அதிகம் கூப்பிடவில்லை. ஒறம்பரை என்று நெருங்கின சொந்தக்காரர்கள், செந்திலின் கம்பெனியில் நாலைந்து பேர். ஹாலில் பலூன் கட்டி, 'மேனிகா' என்று பெரிய எழுத்தில் சின்ன பிளக்ஸ் வைத்திருந்தான். சர்க்கரைத் தண்ணீர் நாக்கில் வைக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், அந்தக் கிண்ணத்தை எடுத்து அடுப்படியில் வைத்துவிட்டோம்.

நித்யா குழந்தையை மடியில் வைத்திருந்தாள். காது இப்போது காதாக ஆகியிருந்தது. மடிப்பெல்லாம் விழுந்து, வெளிச்சத்தில் சிவப்பாகத் தெரிந்தது. வெற்றிலையைச் சுருட்டி அதன் பக்கத்தில் வைத்துக் குனிந்தேன்.

முதல் தடவை உதடுதான் அசைந்தது.

"கேக்கலீங்க நங்கையா" என்றாள் நித்யா, எனக்கு மட்டும் கேட்கிறபடி.

இரண்டாம் தடவை 'மேனி' வந்தது. முன்னால் வர வேண்டியது வரவில்லை. நித்யாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று அப்படிப் பார்த்துப் பார்த்துப் பழகின கண் அது.

கண்ணை மூடிக்கொண்டேன்.

"குப்பைமேனி!"

களத்தின் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்கு ஆளைக் கூப்பிடுகிற சத்தம். அது என்னிடமிருந்துதான் வந்தது. குழந்தை இரண்டு கையையும் தூக்கிப் பதறி, வீறிட்டு அழுதது. ஆஸ்பத்திரியில் பூனைக்குட்டி மாதிரி முனகின குழந்தை, வீடு அதிரும்படி அழுதது.

 கம்பெனிக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், என்னமோ குப்பைன்னு சொன்னாப்பல இருந்ததே என்று கேட்டார். யாரோ சிரித்தார்கள். எனக்குத் தெரிந்த சிரிப்புத்தான் அது. பள்ளிக்கூடத்தில் கேட்ட அதே சிரிப்பு.

செந்தில் பிளக்ஸைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நித்யாவைப் பார்த்தான். அவள் அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் கன்னம் நனைந்திருந்தது. அவனுக்கு விஷயம் முழுக்கப் புரிந்துவிட்டது என்பது அவன் கழுத்து சிவந்ததில் தெரிந்தது. சின்ன வயதில் சட்டையைக் கிழிக்கப் போகும் முன் அப்படித்தான் சிவக்கும். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

அவன் சிரித்தவர்கள் பக்கம் திரும்பினான்.

"எங்கக்கா பேருங்க அது. அந்தப் பேரு வந்ததுக்கப்பறந்தான் எங்கூட்டுல புள்ளை தங்குச்சு. நானே அதுக்குப் பொறகு வந்தவன்தானுங்க."

அவ்வளவுதான் சொன்னான். பிறகு எல்லோரையும் சாப்பிட உட்காரச் சொன்னான்.

பந்தி முடிந்து அடுப்படியில் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தேன். செந்தில் வந்து நிலையில் சாய்ந்து நின்றான். வையப் போகிறான் என்று நினைத்தேன்.

"ஏக்கா, இத்தனை சத்தத்தை எங்க வெச்சிருந்தே இத்தனை நாளா?" என்றான்.

மறுபடியும் மூன்றாம் மாடி

பயம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். மாதா மாதம் செக்கப்புக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். எடை போடும் தட்டில் குழந்தையை வைத்ததும், எண் நிற்கிற வரைக்கும் எனக்கு மூச்சு நிற்கும். பள்ளிக்கூடத்தில் யாராவது குப்பையைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்பது அதற்கு அப்புறம் வருகிற பயம். அந்தப் பயம் வருகிற அளவுக்கு அவள் வளரட்டும் என்று இருக்கிறேன்.

போன வாரம் நானும் கூடப் போயிருந்தேன். அதே மூன்றாம் மாடி, அதே இரும்பு நாற்காலி. நித்யா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். குழந்தை என் மடியில் இருந்தாள். என் முந்தானை நுனியை ஈறால் கடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவின் கைப்பிடி அசைந்தது. புது நர்ஸ் பெண்.

"மேனிகா கூட வந்தது யாருங்க?"

குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். கால் வந்தது. கூட வந்தவர் பேரும் எழுத வேண்டும், சொல்லுங்க என்றாள். சொன்னேன்.

"சுப்பாத்தாளுங்களா?" என்று கேட்டுக்கொண்டே எழுத ஆரம்பித்துவிட்டாள்.

"இல்லீங் அம்மணி" என்றேன். "குப்பாத்தாள். கு."

நாற்காலியில் இருந்த முகங்கள் நிமிர்ந்தன. நிமிரட்டும் என்று விட்டுவிட்டு, அவள் எழுதியதை ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் எழுதியிருந்தாள்.